மேற்குச் சுவரில் வைத்த ஃபேன்

கம்பத்திலிருந்து கூடலூர் போகும் சாலையில், கடைகள் முடிந்து திராட்சைப் பந்தல்கள் தொடங்கும் இடத்தில் நாங்கள் சலவைக்கூடம் ஆரம்பித்தோம். அதற்கு முன் அது வாழைத்தார் அடுக்கும் குடோன். நாலு சுவர், மேலே தகரக் கூரை, சாலையைப் பார்த்து ஒரு பெரிய இரும்புக் கதவு. ஜன்னல்கள் பேருக்கு இரண்டு இருந்தன. சாலைப் புழுதி வெள்ளைத் துணியில் படியும் என்று அவற்றையும் ஆணி அடித்து மூடிவிட்டோம்.

குமுளியில் அந்த வருஷங்களில் தங்கும் விடுதிகள் பெருகிக்கொண்டிருந்தன. தினமும் விரிப்பு மாற்ற வேண்டும், தலையணை உறை மாற்ற வேண்டும். மலைமேல் எந்நேரமும் ஈரம், துணி காயாது. அதனால் அழுக்கு மூட்டைகள் ஜீப்பில் லோயர் கேம்ப் வழியாக இறங்கி எங்களிடம் வரும். நாங்கள் துவைத்து, டிரையரில் போட்டு, தேய்த்து, மடித்து மறுநாள் ஏற்றி அனுப்புவோம். எங்களிடம் இரண்டு டிரையர்கள் இருந்தன. திருப்பூரில் யாரோ ஓட்டிவிட்டு விற்றவை. கேஸ் சிலிண்டரில் எரிபவை. ஒவ்வொன்றும் ஒரு ஆள் உள்ளே உட்காரலாம் என்கிற அளவு.

என் வீட்டுக்காரர் துபாயில் ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் பதினோரு வருஷம் இருந்தவர். எந்தக் கறைக்கு எந்த மருந்து, எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "இனிமே இங்கனயே பொழைச்சுக்கலாம்" என்று வந்துவிட்டார். ஆனால் அவருடைய அண்ணன் துபாயிலேயே இருந்தார். அவர் தம்பியிடம் சொல்லியிருந்தது இதுதான்: "ஒன் பழைய எடத்துக்கே ஆள் கேக்குறாக. ஆடி வரைக்கும் பாரு. தொழில் நிக்கலைன்னா சொல்லு, விசா எடுத்து அனுப்புறேன்."

எங்கள் மகளுக்கு அப்போது எட்டு வயது. அத்தா என்றால் அவளுக்கு அதுவரை லீவில் வந்துபோகும் ஒரு ஆள், மற்ற நாளெல்லாம் ஃபோனில் கேட்கும் ஒரு குரல்தான். அவர் வந்த புதிதில் அவர் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து என் பின்னால் வந்து நிற்பாள். இப்போதுதான் அவர் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். அவர் திரும்பிப் போகக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் அதை நான் அவரிடம் சொன்னதில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் இருந்தவள் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குத் தண்ணீர் கேட்கவே கூச்சம்.

பங்குனி பிறந்ததும் கூடத்துக்குள் நிற்க முடியவில்லை. மேலே தகரம், உள்ளே இரண்டு டிரையர், நாலு இஸ்திரி மேசை. சூட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வாடைதான் தாங்காது. விரிப்புகளில் மிச்சமிருக்கும் பிளீச்சிங் மருந்து டிரையர் சூட்டில் ஆவியாகிக் கண்ணைக் கரிக்கும். தேய்க்க வரும் பெண்கள் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு தேய்ப்பார்கள். அவர்களில் மூத்தவர் ஒரு அக்கா. வாய் ஓயாதவர். மற்றவர்கள் எல்லாம் அவர் வந்தால் வருவார்கள், அவர் நின்றால் நிற்பார்கள்.

"பாயி, துபாயில ஆளுகளை இப்பிடித்தான் அவிச்சு எடுப்பாகளா?" என்று அந்த அக்கா கேட்பார்.

"அங்கன எல்லாம் ஏசி அக்கா."

"அப்ப ஒங்களுக்கு மட்டும் காத்து வாங்கிட்டு, எங்களுக்குத்தான் அடுப்பை வாங்கிட்டு வந்துருக்கீக. சுருளி அருவிக்குப் போக வேண்டியதே இல்லைடி, இங்கன நின்னாலே குளிச்ச மாதிரிதான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அன்று மாலை போகும்போது அந்த அக்கா என்னிடம் தனியாக வந்தார். "தாயி, நான் வெளாட்டுக்குச் சொல்லலை. தோட்டத்துல திராச்சைக் கொலை வெட்டக் கூப்புடுறாக. நெழல்ல நிக்கிற வேலை. இப்பிடியே இருந்தா சித்திரையில நாங்க வரமாட்டோம்" என்றார்.

அவர்கள் வராவிட்டால் தேய்க்க ஆளில்லை. தேய்க்காத விரிப்பை விடுதிக்காரர்கள் வாங்க மாட்டார்கள். இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். மறுநாளே தேனிக்குப் போய் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி, வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். கடையில் இருந்ததிலேயே பெரியது. மாட்டுச் சந்தையில் திமிலைப் பார்த்து மாடு பிடிப்பதுபோல, றெக்கையின் அகலத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. கிழக்கே பக்கத்துக்காரரின் திராட்சைத் தோட்டம். மேற்கே முள்ளுக்காடு, கேட்க ஆளில்லை. டிரையர் குழாய்களும் அந்தப் பக்கம்தான் வெளியே போயின. அதனால் மேற்குச் சுவரின் உச்சியை இடித்து ஃபேனை மாட்டினார். பிஸ்மில்லா சொல்லி சுவிட்சைப் போட்டார்.

விமானம் கிளம்புவதுபோல ஒரு சத்தம். மேசையிலிருந்த தலையணை உறைகள் பறந்தன. பெரிய கதவு தானாகச் சாத்திக்கொண்டது. தேநீர் கொண்டு வந்தவர் வெளியிலிருந்து இழுத்தும் தள்ளியும் பார்த்துவிட்டு, "உள்ள யாராச்சும் புடிச்சுக்கிட்டு நிக்கிறீகளா?" என்று கத்தினார்.

எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். இவ்வளவு வேகமான ஃபேன் என்றால் சூடு எங்கே நிற்கும் என்று நினைத்தோம். ஆனால் மதியத்துக்குள் கண் முன்னைவிட அதிகமாக எரிந்தது. எங்கு பார்த்தாலும் துணிப் பஞ்சு மிதந்தது. அந்த அக்காவின் புருவமெல்லாம் வெள்ளையாகிவிட்டது.

"பாயி, ஒரே நாள்ல என்னையக் கெழவி ஆக்கிட்டீகளே."

"இந்த ஃபேன் பத்தலை. இன்னொண்ணு வாங்கிருவோம்" என்றார் வீட்டுக்காரர்.

நான் மூலையில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். பேசாமல் உட்கார்ந்திருப்பவளுக்குப் பார்ப்பதற்கு நிறைய நேரம் கிடைக்கும். பஞ்சு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். ஓடுகிற டிரையரிலிருந்து வரவில்லை. நின்றுபோயிருந்த டிரையரின் கதவிடுக்கிலிருந்து வந்தது. எழுந்து போய் அந்தக் கதவைத் திறந்தேன். சூடான காற்று முகத்தில் அடித்தது, பஞ்சும் மருந்து வாடையுமாக. எரியாத அடுப்பு எப்படிப் புகை விடும்? வெளியே போக வேண்டிய குழாய் வழியாகக் காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. ஓடுகிற டிரையர் வெளியே தள்ளிய வாடையை, பக்கத்துக் குழாய் திரும்பவும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தேநீர்க்காரர் தம்ளர் எடுக்க வந்து கதவை அகலத் திறந்து வைத்தார். உடனே டிரையரிலிருந்து வந்த காற்று நின்றுவிட்டது. ஃபேனின் சத்தம்கூட மாறியது. மூச்சு முட்டியவர் மூச்சு விட்டதுபோல ஒரு சத்தம். அவர் போகும்போது கதவைச் சாத்தினார். மறுபடியும் டிரையர் என் முகத்தில் ஊதியது.

இதை அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டாவது ஃபேன் வாங்க அவர் தேனிக்குக் கிளம்பியபோது, "நானும் வாரேன்" என்று கூடவே பஸ் ஏறினேன். உத்தமபாளையத்தில் கூட்டம் ஏறியது. சின்னமனூரில் கொஞ்சம் இறங்கியது. அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

"என்னங்க, நம்ம ஃபேனு வெளிய தள்ளுற காத்து மொதல்ல உள்ள வரணும்ல? நாம எல்லாத்தையும் மூடி வச்சிருக்கோம். அது எங்கனருந்து இழுக்கும்? டிரையர் குழாய் ஒண்ணுதான் தெறந்து கெடக்கு. அதுலருந்துதான் இழுக்குது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபமா, யோசனையா என்று தெரியவில்லை. வீரபாண்டி வந்த பிறகு, "துபாயில நாங்களும் எல்லாத்தையும் மூடித்தான் வச்சிருந்தோம்" என்றார்.

"அங்கன காத்து எப்பிடி உள்ள வந்துச்சு?"

"கூரையில பெரிய பெரிய குழாய் போகும். அது என்னத்துக்குன்னு நான் கேட்டதில்லை." கொஞ்சம் பொறுத்து, "அதுக்குத்தான் போலருக்கு" என்று தானாகவே சிரித்தார்.

தேனியில் இறங்கி, எதிரே நின்ற கம்பம் பஸ்ஸிலேயே ஏறித் திரும்பி வந்தோம்.

கிழக்குச் சுவரின் அடியில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், வரிசையாகத் திறப்புகள் விட்டோம். விடுதிக்காரர்கள் கழித்துப்போட்ட வலைத் திரைகளைப் புழுதிக்காக நான் தைத்து மாட்டினேன். அந்தப் பக்கம் திராட்சைத் தோட்டம். நீர் பாய்ச்சிய பந்தலின் நிழலைத் தொட்டுக்கொண்டு காற்று உள்ளே வந்தது. அதே ஃபேன், பாதிச் சத்தம்தான். தேய்க்கும் பெண்களின் கால்களைக் குளிர்ந்த காற்று தடவிக்கொண்டு போனது. அந்த அக்கா மூக்கிலிருந்து முந்தானையை அவிழ்த்துவிட்டு, "இப்பச் சொல்லு பாயி, ஏசி துபாயிலயா இருக்கு?" என்றார். சித்திரையில் ஒருவரும் தோட்ட வேலைக்குப் போகவில்லை. வைகாசியில் இன்னொரு விடுதியும் துணி கொடுத்தது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பிறகு ஆனி பிறந்தது.

ஒரு நாள் காலையில் கூடத்தைத் திறந்தபோது ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. முந்தின நாள் அணைக்க மறந்துவிட்டோமோ என்று சுவிட்சைப் பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தது. ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மலையிடுக்கு வழியாக மேற்கிலிருந்து மேல்காற்று இறங்க ஆரம்பித்திருந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். கொடியில் போட்ட சேலை அடுத்த தெருவில் கிடக்கும். வாழை வைத்தவர்கள் முட்டுக் கொடுக்க ஓடுவார்கள். எங்கள் மேற்குச் சுவரோ அந்தக் காற்றுக்கு நேராக வாயைத் திறந்துகொண்டு நின்றது.

சுவிட்சைப் போட்டதும் ஃபேன் உறுமிக்கொண்டு நேராகத் திரும்பியது. ஆனால் காற்றை எதிர்த்து அதனால் தள்ள முடியவில்லை. டிரையர் குழாய்கள் வழியாகவும் காற்று உள்ளே புகுந்தது. கேஸ் நெருப்பு அணைந்து அணைந்து எரிந்தது. கொஞ்ச நேரத்தில் பெண்கள் எல்லாரும் இருமிக்கொண்டு வெளியே வந்து நின்றார்கள். வீட்டுக்காரர் சிலிண்டரை மூடிவிட்டு, மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"இம்புட்டுக் காத்து அடிக்குமா இங்கன?" என்றார்.

அந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த ஊர்ல பொறந்துட்டுக் கேக்குற கேள்வியைப் பாரு. ஆனி ஆடியில ஒங்க தாடி பறக்கலையா பாயி?"

அவர் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. பதினோரு வருஷமும் அவர் லீவில் வந்தது பள்ளி விடுமுறையில், சித்திரையில். வைகாசியோடு திரும்பிப் போய்விடுவார். பதினோரு ஆனியும் ஆடியும் அவர் இங்கே இல்லை. இளவட்டமாக இருந்தபோது பார்த்த காற்றை மறந்தே போயிருந்தார். பங்குனியில் ஓர் இலைகூட அசையாத நாளில் சுவரை இடிக்கும்போது அந்தக் காற்று எங்கள் இருவருக்குமே ஞாபகம் வரவில்லை.

அன்று எல்லாரும் போன பிறகு அவர் சொன்னார்: "அண்ணன்ட்ட சரின்னு சொல்லிரலாம்னு பாக்குறேன். எனக்கு இந்த ஊரே தெரியலை."

நான் கையிலிருந்த துண்டை மடித்து வைத்தேன். "தெரியலைன்னா இருந்து பாருங்க" என்றேன். "ஒரு ஆடியவாச்சும் முழுசாப் பாருங்க. காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல. வாசலை அந்தப் பக்கம் வச்சுட்டு, கொல்லையை இந்தப் பக்கம் மாத்திருவோம்."

காற்று வருகிற மேற்கில் திறப்பு, காற்று போகிற கிழக்கில் ஃபேன். சொல்லச் சுலபம். ஆனால் கிழக்கில்தான் பக்கத்துக்காரரின் பன்னீர் திராட்சை, பழுக்கும் பருவத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வேலியோரம் நின்று, முழுக்கக் கேட்டார்.

"பாயி, பழத்துமேல பஞ்சு ஒட்டுச்சுன்னா யாவாரி கையில எடுத்துப் பாத்துட்டு, என்னய்யா ஒன் திராச்சைக்குத் தாடி மொளைச்சிருக்குன்னு கேப்பான். நான் என்ன சொல்ல? பக்கத்துல பாயி கடை, அதான்னா?"

வீட்டுக்காரர் தாடியைத் தடவிக்கொண்டார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றபடியே சொன்னேன்: "அண்ணே, குழாய் வாயில வலைக்கூடு கட்டி, பஞ்சை அதுலயே புடிச்சுருவோம். தெனமும் நானே கழுவிப் போடுறேன். ஒரு பழத்துல ஒட்டுனாலும் வந்து நிறுத்தச் சொல்லுங்க, நிறுத்திருவோம்."

அவர் என்னை எட்டிப் பார்த்தார். "ஒங்க வீட்ல பேசுவாகளா? இத்தன நாளா எனக்குத் தெரியாதே" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, "சரித்தா, செஞ்சு பாருங்க" என்றார்.

பெரிய ஃபேனைக் கழற்றி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மறுபடியும் தேனிக்குப் போனோம். இந்த முறை கடைக்காரர் நாங்கள் உள்ளே நுழையும்போதே, "என்ன பாய், ஃபேன் எப்பிடி இழுக்குது?" என்றார்.

"கதவையே இழுத்துருச்சு" என்றார் வீட்டுக்காரர். "இதைத் திருப்பி எடுத்துக்கிட்டு ரெண்டு சின்னது குடுங்க."

"பெருசு இருக்கையில எதுக்குச் சின்னது ரெண்டு?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கடைக்காரரைப் பார்க்காமல், தொங்கிக்கொண்டிருந்த ஃபேன்களைப் பார்த்தபடியே சொன்னேன். ஒரு டிரையர் ஓடும்போது ஒன்று போதும், இரண்டும் ஓடினால் இரண்டையும் போடலாம். ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும். ஃபேன் நின்றால் தானாக விழுந்து மூடிக்கொள்ளும் தகரப் பட்டைகள் வேண்டும், இல்லாவிட்டால் பஞ்சும் மழையும் உள்ளே வரும். மோட்டார் முழுக்க மூடியதாக இருக்க வேண்டும், திறந்த மோட்டாருக்குள் பஞ்சு போனால் பற்றிக்கொள்ளும். இதையெல்லாம் வழியில் பஸ்ஸில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன்.

கடைக்காரர் ஏணியில் ஏறி இரண்டை இறக்கினார். ஒன்றின் பட்டைகளை விரலால் தூக்கிவிட்டார். படபடவென்று விழுந்து மூடின. இன்னொன்றில் ஒரு பட்டை பாதியில் சிக்கி நின்றது. "அது வேணாம், வேற குடுங்க" என்றேன். மாற்றிக் கொடுத்தார்.

டிரையர்களைக் கிழக்குச் சுவருக்கு நகர்த்தி, அதே சுவரின் உச்சியில் இரண்டு ஃபேன்களையும் மாட்டினோம். குழாய் நீளமாக வளைந்து வளைந்து போகாமல், நேராக வலைக்கூட்டுக்குள் போனது. பழைய ஃபேன் இருந்த ஓட்டையையும் கிழக்கே அடியில் விட்ட திறப்புகளையும் கொத்தனார் அடைத்தார். மேற்கே கீழே திறப்பு விட்டு, சாரலுக்காகச் சாய்வாகத் தகரம் வைத்தார். பந்தல் நிழலின் குளிர்ச்சி போனதில் அந்த அக்காவுக்கு வருத்தம்தான். கோடைக்கு வேறு ஏதாவது செய்ய வேண்டும் என்று பேசிக்கொண்டோம். பேசும்போது வீட்டுக்காரர், "அடுத்த பங்குனிக்குள்ள பாத்துருவோம்" என்றார். அடுத்த பங்குனி என்று அவர் சொன்னதை நான் மட்டும்தான் கவனித்தேன்.

முதல் வாரம் வலைக்கூட்டை நான் கழுவத் தாமதமானது. பஞ்சு அடைத்துக்கொண்டு துணி காயாமல் போனது. அதிலிருந்து காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டேன். பக்கத்துக்காரர் தினமும் ஒரு குலையைத் தூக்கிப் பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் போவார்.

ஆடியில் காற்று முழு வேகத்தில் இறங்கியது. கூரைத் தகரம் அடித்துக்கொண்டது. ஆனால் உள்ளே, மேற்கிலிருந்து புகுந்த காற்று மேசைகளுக்கு அடியில் ஓடி, சூட்டையும் வாடையையும் அள்ளிக்கொண்டு கிழக்கே போனது. சில நாள் ஒரு ஃபேனைக்கூட அணைத்து வைத்தோம். அந்த அக்கா தேய்த்துக்கொண்டே ஏதோ பாடினார்.

அப்படி ஒரு நாள் ஃபோன் அடித்தது. வீட்டுக்காரர் கூரைமேல் ஏறி, தூக்கிய தகரத்துக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் நான் எடுத்தேன். அவருடைய அண்ணன். என் மகள் கூப்பிடுவதுபோல நானும் அவரைப் பெரியத்தா என்றுதான் சொல்வேன். அதுவும் என்றைக்காவது சொன்னால்தான்.

"என்னத்தா, எரைச்சலா இருக்கு? மழையா?"

"காத்து, பெரியத்தா."

"அவனைக் கூப்புடு. விசாவுக்கு இன்னைக்குச் சொல்லணும்."

"அவுக கூரைமேல நிக்கிறாக."

"எறங்கி வரச் சொல்லு."

நான் வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தேன். காற்றில் அவர் சட்டை புடைத்துக்கொண்டிருந்தது. என் மகள் கீழே நின்று, அவர் விட்ட கயிற்றில் கட்டிய திருகாணி டப்பாவை இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தாள். அவர் அதை மேலே இழுத்து ஒன்றை எடுத்தார்.

உள்ளே வந்து சொன்னேன்: "அவுக வரலை, பெரியத்தா. அந்த விசாவை வேற யாருக்காச்சும் குடுத்துருங்க."

"அவன் சொல்லச் சொன்னானா?"

"இல்ல. நான்தான் சொல்றேன்."

அவர் சிரித்த மாதிரி இருந்தது. "அப்பச் சரித்தா" என்று வைத்துவிட்டார்.

தேய்ப்பு மேசைகள் எல்லாம் நின்றுபோயிருந்தன. நாலு பெண்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மறுபடியும் வெளியே போய், கூரையைப் பார்த்து, என் வாழ்நாளில் அதுவரை போடாத சத்தத்தில், காற்றுக்கு மேலே கேட்கும்படி கத்தினேன்.

"என்னங்க, துபாயிலருந்து ஃபோனு. வரலைன்னு சொல்லிட்டேன்."

அவர் திருப்புளியை இரண்டு சுற்றுச் சுற்றி, போட்டுக்கொண்டிருந்த திருகாணியை முடுக்கி முடித்தார். பிறகு, "நல்லது. அந்த ஓரத்துத் தகரம் இன்னொண்ணும் ஆடுது. ஏணியை இங்கிட்டு நகத்தி வை" என்றார்.